சாமியம்மாள் கையில் கட்டிய குப்பிகள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு காரியம் பிடிக்கவில்லை என்றால் எதிரே நின்று சொல்லத் துப்பில்லை. வேண்டாம் என்கிற ஒரு வார்த்தை நாக்கையா சுட்டுவிடும்? பழைய மேஸ்திரிமார்கள் மூஞ்சிக்கு நேராகவே சொல்வார்கள், நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை, போடா என்று. அவனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரும். இப்போது அப்படியா? போனில் சொல்கிறார்கள். சாமானைக் கொண்டுவந்து வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஜன்னல் திரை மட்டும் லேசாக ஆடுகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ராஜ்மோகன் சார் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பழனிவேல் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டுத் தூணின் மேல் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. அந்தத் துண்டையும் திருப்பித் தர வேண்டாம் என்று சார் வீட்டு அம்மா தமயந்தி காலையில் போனிலேயே சொல்லிவிட்டாள்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல சின்னப் புள்ள இருக்கு, மாமியார் இருக்காங்க. பெட்டிய வெளிய வச்சிருக்கேன். வெயில் ஏறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிருங்க."

பழனிவேல் ஜன்னலைப் பார்த்து, "எடுத்துகினேம்மா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். திரை நின்றது. பெட்டியை கேரியரில் வைத்துக் கட்டினார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவருடைய மகள் தமிழ்நிலாவின் உழைப்பு. ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு.

தமிழ்நிலா தெற்கே ஒரு காலேஜில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். அது, 'தானே' என்று பேர் வைத்த புயல் முந்திரித் தோப்பையெல்லாம் வேரோடு சாய்த்துவிட்டுப் போன மறு கோடை. ஊர் பூராவும் கரண்டு இல்லாத கோடை. காலேஜில் ஜெனரேட்டர் படுத்துவிட்டது, பெரிய ஐஸ் பெட்டி செத்துவிட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாம் தங்கள் சாமானை எங்கே பத்திரப்படுத்துவது என்று முழிக்க, தமிழ்நிலாவுக்கு மட்டும் ஒரு யோசனை வந்தது. தமிழ்நாடே இருட்டாய்க் கிடந்தாலும் நெய்வேலி குவார்ட்டர்ஸில் கரண்டு போகாது. அவர்களுடைய வீடு பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அனல் நிலையத்துப் புகைபோக்கி நன்றாகத் தெரியும், கரண்டுதான் வராது. ஆனால் ரோட்டைத் தாண்டி டவுன்ஷிப்புக்குள் போய்விட்டால் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா வருஷக்கணக்காய் வீட்டு வேலை செய்த ராஜ்மோகன் சார் வீடும் அங்கேதான் இருக்கிறது.

புதன்கிழமை பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் பழனிவேல் மூடியைத் திறந்து பார்த்தார். ஐஸுக்கு நடுவில் சுண்டுவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒரு கை கொள்ளும் அளவுக்கு.

"என்னா பாப்பா இது, தண்ணி மாரி கீது."

"புரதம்ப்பா. மனுஷ மூளையில இருக்கிறது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "எவன் மூளையிலேர்ந்து எடுத்தீங்க?"

"யார் மூளையிலயும் எடுக்கல. அதச் செய்யறதுக்கு நம்ம உடம்புக்குள்ள ஒரு குறிப்பு எழுதியிருக்குது. அந்தக் குறிப்ப ஒரு கிருமிக்குள்ள வெச்சிடுவோம். கஞ்சி மாரி ஒண்ணு காய்ச்சி ஊத்தி வளப்போம். அது தின்னுகினு, பெருகிகினு, நம்ம புரதத்த செஞ்சிகினே இருக்கும்."

"கிருமி எதுக்கு நமக்குச் செய்யுது? அதுக்கு என்னா லாபம்?"

"லாபம் ஒண்ணுமில்ல. அதுக்குத் தெரியாது, அது நமக்குத்தான் செய்யுதுன்னு."

"செஞ்சு முடிச்சதும்?"

"அத ஒடைச்சி, வேகவெச்சி, வடிகட்டி, உள்ள இருக்கிறத எடுத்துக்குவோம்."

பழனிவேல் தலையாட்டினார். "அப்ப கான்ட்ராக்ட்டுன்னு சொல்லு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சாமியம்மாள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. அவளுக்கு இப்போது குரலும் சன்னமாகிவிட்டது. வலது கை மடியில் கிடந்து தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, மாவை உருட்டுகிற மாதிரி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. நடுக்குவாதம் என்று சொல்லி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை அடங்கும், கால் நகரும். அப்புறம் பழையபடிதான்.

தமிழ்நிலா அம்மாவைப் பார்க்காமல் குப்பியைப் பார்த்துச் சொன்னாள். "இது எல்லாரு மூளையிலயும் இருக்குப்பா. உன் மூளையிலயும் இருக்கு. தனித்தனியா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு கட்டி தட்டிடிச்சின்னா, அதான் அம்மாவுக்கு வந்தது. எப்படிக் கட்டுது, ஏன் கட்டுதுன்னு எவனுக்கும் முழுசாத் தெரியல. பெங்களூருல ஒரு மெஷின் இருக்கு. அதுல பார்க்கறதுக்கு எனக்கு வர்ற செவ்வாக்கிழம முறை கொடுத்திருக்காங்க. அந்த மெஷினுக்கு முன்னாடி இது கட்டி தட்டாம, இப்படியே, தண்ணியா போய்ச் சேரணும். கட்டிடிச்சின்னா எல்லாம் போச்சு."

"கட்டக் கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்ப்பா. அதுக்குத்தான் ஐஸ்."

பெட்டியை டவுன்ஷிப்பில் வைத்துவிட்டு மறுநாள் விடியலில் அவள் சென்னைக்கு பஸ் ஏறினாள். அங்கே பெரிய பெரிய ஆட்கள் முன்னால் நின்று, இன்னும் ஒரு வருடத்துக்கு இவளுடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவாள்.

தமயந்தியிடம் அவள், "லேப் சாமான் ஆன்ட்டி, மருந்து ஆராய்ச்சிக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். விவரமான பெண். விவரம் கெட்ட வேலையைச் செய்தவர் பழனிவேல்தான். வியாழன் சாயங்காலம் உதவி செய்தவர்களுக்குக் கொடுக்கலாமே என்று ஒரு கட்டு முருங்கைக்காயோடு குவார்ட்டர்ஸுக்குப் போனார். தமயந்தி காயை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அது சாமியம்மாவுக்கு மருந்தா பெரியவரே?"

"மருந்து இல்லம்மா. அந்த நோயே அதான்."

கேட்டால் உள்ளதைச் சொல்வார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வராது. மறுநாள் காலை போன் வந்துவிட்டது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது அவருக்கு இன்னொன்றும் ஓடியது. பெட்டிக்குள் இருப்பதற்காகத் திருப்பிக் கொடுத்தார்களா, இல்லை, யார் வீட்டுப் பெட்டி என்பதற்காகவா? சாமியம்மாளுக்கு அந்த வீட்டில் ஜன்னல் மேடையில் ஒரு தனி டம்ளர் இருந்தது. கை நடுங்க ஆரம்பித்து அவள் பீங்கான் தட்டு ரெண்டை உடைத்தபின், "உடம்பப் பார்த்துக்கோ சாமியம்மா" என்று நல்ல விதமாகத்தான் நிறுத்தினார்கள். நல்ல விதமாகச் செய்வதில் அந்த அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. இதை அவர் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

வடக்குத்துக்கு வந்ததும் முதலில் குளிர்பானக் கடைக்குப் போனார். "அய்யா, எங்கூட்டு ஃபிரிட்ஜ் இப்போ வெறும் பீரோ" என்றான் கடைக்காரன். மீன்காரியிடம் ஒரு சட்டி ஐஸ் வாங்கிப் போட்டார். கத்திரி வெயில். பகல் சாப்பாட்டுக்குள் அது தண்ணீராகி, பெட்டியில் மீன் வாசனை மட்டும் மிஞ்சியது. மறுபடி போனபோது மீன்காரியும் இல்லை, ஐஸும் இல்லை.

போனை எடுத்து மகளுக்கு அடிக்கலாமா என்று பார்த்தார். சாமியம்மாள் தலையசைத்துத் தடுத்தாள்.

"அங்க நாலு பேரு முன்னாடி நின்னு பேசணும்னு போயிருக்கு. இதக் கேட்டா வாய் கொழறிடும். வேணாம்."

"பின்ன என்னா பண்றது?"

"நீதான மைன்ஸ்ல இருந்த. யோசி."

அவர் யோசித்தார். யோசித்ததெல்லாம் அங்கேதான் போய் நின்றது, மைன்ஸில், அந்த நிலக்கரிச் சுரங்கத்தில். பெர்மனென்ட் ஆக்குகிறோம் ஆக்குகிறோம் என்று சொல்லியே கான்ட்ராக்டில் அவரைக் கிழவராக்கிய இடம். அவருக்கு அங்கே வேலை, சூட் குத்துவது. ஒரு பெல்ட்டில் வருகிற கரி அடுத்த பெல்ட்டில் கொட்டுவதற்கு நடுவில் இரும்பால் ஒரு பெரிய புனல் மாதிரி இருக்கும், அதுதான் சூட். வெயில் காலத்தில் கரி பொலபொலவென்று விழும். மழை பெய்துவிட்டால் போச்சு. பழுப்புக் கரி ஈரமானால் களிமண்தான். சூட்டின் ஓரத்தில் ஒரு பிடி ஒட்டும், அதன்மேல் இன்னொரு பிடி, கண் மூடித் திறப்பதற்குள் வாய் அடைத்துப் பாறையாகிவிடும். அப்புறம் பெல்ட் நிற்கும், மேலதிகாரி வருவார், அவர் திட்டுகிற திட்டில் அம்மா அக்கா எல்லாம் அடிபடும். அது நடக்காமல் இருக்க ஒரே வழி, நிற்க விடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பது. நீளக் கம்பியால் பக்கத்தை இடித்து, உள்ளே குத்தி, ஷிப்ட் முழுக்க அதை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கட்டும். ஆடினால் கட்டாது. பழனிவேலுக்குத் தெரிந்து, உலகத்தில் சந்தேகமில்லாத சங்கதி இது ஒன்றுதான்.

"கட்டக் கூடாதுன்னுதான சொல்லிச்சி" என்றார். "ஐஸ் இருந்தா அசையாம வெக்கலாம். இல்லன்னா ஆட்டிகினே இருக்கணும்."

ஒரு குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே நுரை வந்தது. வரட்டும். எல்லாக் குப்பிகளையும் தன் தோள் துண்டில் முடிந்து கொஞ்ச நேரம் ஆட்டினார். பொழுது சாய்வதற்குள் தோள்பட்டை விட்டுப்போனது. கம்பி பிடித்த தோள்தான், ஆனால் வயசு என்று ஒன்று இருக்கிறதே. முடிச்சைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தடவினார். எதிரே சாமியம்மாளின் கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"கொண்டா இங்க" என்றாள் சாமியம்மாள்.

"சும்மா இரு."

"நான் சும்மா இருந்தாலும் இது எங்க இருக்குது? இத்தினி நாளா வெட்டியா ஆடிச்சி. எம் பொண்ணுக்காவ ஆடட்டும்."

முடிச்சை அவளுடைய உள்ளங்கையில் வைத்து, மணிக்கட்டோடு சேர்த்துத் துண்டைச் சுற்றிக் கட்டினார். கைக்குள் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்து மெல்லிய சத்தம் வந்தது, பல்லிக்குட்டி சத்தமிடுவதைப் போல. பழனிவேல் காது கொடுத்துக் கேட்டார். சீராக இருந்தது. பெல்ட் ஓட்டத்தைவிடச் சீராக இருந்தது.

"சம்பளம் என்னா தருவ?" என்றாள்.

"கான்ட்ராக்ட்காரன் வந்து பேசுவான், இரு."

அன்றைக்கு அவள் தூங்கியபோது கை நின்றது. தூக்கத்தில் அது நின்றுவிடும், அதுதான் அந்த நோயின் குணம். அப்போதெல்லாம் முடிச்சை அவிழ்த்து இவர் ஆட்டினார். காலையில் மறுபடி அவளுக்குக் கட்டினார். சனிக்கிழமை காலை மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"போட்டா கை அடங்கிடும்."

"அதுக்காவ?"

"நாளைக்குப் பாப்பா வந்துடும். அதுக்கப்புறம் போட்டுக்கறேன்."

"காலு நவுராது ஒனக்கு. மரக்கட்டையா கெடப்ப."

"எங்க ஓடப்போறேன் நானு?"

பழனிவேல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த மாத்திரை மேலும் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. எந்த டாக்டரையும் அவர் நம்பியதில்லை. ஆனாலும் அதை அலமாரியில் திருப்பி வைத்தபோது கை கூசியது. மதியத்துக்குமேல் சாமியம்மாளின் கழுத்து விறைத்தது. முகம் மரத்துப்போய் எந்த உணர்ச்சியும் காட்டாமல் ஆனது. எழுந்து கொல்லைப்பக்கம் போக அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அடி எடுத்து வைக்கச் சொன்னால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது. கை மட்டும் நிற்கவில்லை. முன்னைக்கு இப்போது பலமாக ஆடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், தொட்டிலைப் பார்க்கிற மாதிரி.  ஒருமுறை மட்டும், "தண்ணியாத்தான கீது?" என்று கேட்டாள். துண்டை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தும் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. "தண்ணியாத்தான் கீது" என்றார்.

ஞாயிறு மத்தியானம் தமிழ்நிலா வந்தாள். ரோட்டிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள். சென்னையில் நன்றாகப் பேசிவிட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. உள்ளே வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"அம்மாவுக்கு என்னா? மாத்திரை போட்டியாம்மா? அப்பா, மாத்திரை எப்ப போட்டுச்சி?"

"மொதல்ல இதப் பாரு" என்றார் பழனிவேல். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். முருங்கைக்காயைச் சொன்னார், தான் சொன்ன வார்த்தையையும் சொன்னார், திரை ஆடியதைச் சொன்னார், ஐஸ் கரைந்ததைச் சொன்னார். "ஆனா நிக்க வுடல. ஒங்கம்மா கையும் எங்கையுமா ரெண்டு நாளு ஆட்டிகினே கெடந்தோம். ஒரு பொட்டு கட்டியிருக்காது. பாரு."

தமிழ்நிலா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, அவிழ நேரமெடுத்தது. குப்பி ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக. அரிசி களைந்த தண்ணீரில் ரெண்டாம் தண்ணீர் எப்படி இருக்கும், அப்படி ஒரு புகைமூட்டம் உள்ளே இருந்தது. குப்பியைச் சாய்த்தால் அது பட்டு நூல் மாதிரி சுருண்டு நகர்ந்தது.

அவள் குப்பிகளை வரிசையாகத் தரையில் வைத்தாள். எழுந்துபோய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து அம்மாவின் வாயில் போட்டு, தாடையைப் பிடித்து விழுங்க வைத்தாள். 

"நல்லாத்தான கீது பாப்பா?" என்று சாமியம்மாள் கேட்டாள்.

"ம்."

"பொய் சொல்லாத" என்றார் பழனிவேல். "மூஞ்சியப் பார்த்தாத் தெரியுது. கேட்டா உள்ளதச் சொல்லு. அந்தக் குவார்ட்டர்ஸ்காரம்மா மாரி திரைக்குப் பின்னால நிக்காத."

தமிழ்நிலா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். துண்டு அழுத்திய தடம் மணிக்கட்டில் சிவந்திருந்தது. சொல்லாமல் விடத்தான் அவள் ஆசைப்பட்டாள். ஆனால் செவ்வாய்க்கிழமை பெங்களூருக்கு ஏன் போகவில்லை என்று எப்படியும் கேட்பார்கள்.

"கட்டிப்போச்சும்மா" என்றாள்.

"ஆட்டியுமா?"

"ஆட்டுனதாலதான்."

ஒருவரும் அசையவில்லை. சாமியம்மாளின் கை மட்டும் ஆடியது.

"எங்க லேபுல இதக் கட்ட வெக்கறதுக்குன்னே ஒரு மெஷின் இருக்குது. உடம்புச் சூட்டுல வெச்சி, நாள் கணக்கா ஆட்டிகினே இருக்கும். அது செய்யற வேலையத்தான் நீங்க செஞ்சிட்டீங்க. தண்ணிப் பானைப் பக்கத்துல சும்மா வெச்சிருந்தாக்கூட பாதி தேறியிருக்கும்ப்பா."

"யாரு சொன்னது? ஆட்டுனா எங்கனா கட்டுமா?"

தமிழ்நிலா தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்து மீன் வாசனைத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். தண்ணீரோடு ஒரு குப்பி உருண்டு விழுந்தது. அடியில் ஒட்டிக்கொண்டு தப்பியது. பழனிவேல் வெள்ளிக்கிழமை மற்றதையெல்லாம் முடிந்தபோது இதைப் பார்க்கவில்லை. அவள் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. புகைமூட்டக் குப்பி ஒன்றைப் பக்கத்தில் பிடித்தாள்.

"பாருப்பா. ஒரே நாள்ல செஞ்சது. ஒரே வூட்ல, ஒரே வெயில்ல இருந்தது. இது ஆடல. அது ஆடுச்சி."

பழனிவேல் ரெண்டையும் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எதையும் ஒருதரம் செஞ்சா நம்ப மாட்டோம், மூணுதரம் செஞ்சாத்தான் நம்புவோம்னு போன தீவாளிக்கு வந்தப்ப நீதான சொன்ன?"

"ஆமா."

"இது ஒண்ணு. ஒரே ஒரு குப்பி. ஒண்ண வெச்சிகினு எங்கிட்ட வாதாடற."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க மேடம் கேக்கற கேள்விய கேக்கறப்பா நீ."

"மேடம் திட்டுமா?"

"திட்டும். கிருமி வளக்கறதுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். பெங்களூருல இனிமே எப்ப முறை கொடுப்பாங்களோ. கொடுக்கும்போது கொடுக்கட்டும்." குப்பியை உருட்டினாள். "சென்னையில கேட்டாங்க, இதுல உனக்கு என்ன அவசரம்னு. எங்கம்மான்னு நான் சொல்லல. சொன்னா அழுவாச்சி வந்துடும்னு சொல்லல."

மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. சாமியம்மாள் இடது கையை நீட்டினாள். "அதக் குடு இப்டி."

"எதம்மா?"

"கட்டுனத."

மகள் கொடுத்தாள். சாமியம்மாள் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். சாய்த்தாள், நிமிர்த்தினாள். உள்ளே நூல் சுருண்டு விரிந்தது.

"இதுதானா என் தலைக்குள்ள கீறது?"

"இது மாரிதாம்மா. இன்னும் பொடிசா."

"இம்மாஞ்சூண்டு." அவள் கோபப்படவில்லை. யாரோ ஊரெல்லாம் பேசிய ஆளை முதல்முதலாகப் பார்த்து, இவ்வளவுதானா என்று நினைக்கிற மாதிரி பார்த்தாள். "இதுக்கா நான் ஒரு வாய் சோறு சிந்தாம தின்ன முடியல."

தமிழ்நிலா அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.  இந்த மாதிரி நேரங்களில் பழனிவேலுக்குக் கோபம்தான் முன்னால் வரும்.

"அதெல்லாம் சரி. வெயில்ல கட்டியிருக்கும். இல்ல, அந்தம்மா ஃபிரிட்ஜ்ல சரியா வெக்காம இருந்திருக்கும். எப்ப வெளிய எடுத்து வெச்சாங்களோ, யாரு கண்டா. அந்த ஒண்ணு நல்ல குப்பியாப் போயிருக்கும். ஆட்டுனா கட்டும்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. நான் சூட் குத்தினவன்."

"அப்பா, கரி வேற இது வேற."

"எல்லாம் ஒண்ணுதான். நின்னாத்தான் எதுவும் கட்டும்."

சாமியம்மாள் குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், இருக்கிற குரலில் சொன்னாள். "இந்தாய்யா. தயிரு சும்மா இருந்தா வெண்ணெ வருதா? கடஞ்சாத்தான திரளுது. நீதான தின்ன."

தமிழ்நிலா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பழனிவேல் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அது மோரு" என்றார்.

தோளில் துண்டைத் தேடினார். துண்டு கட்டிலில் கிடந்தது, முடிச்சின் சுருக்கங்கள் இன்னும் அதில் போகவில்லை. எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

"எங்கப்பா போற வெயில்ல?"

"டீ குடிக்க."

தெருவில் கரண்டு இல்லாத மத்தியானத்தின் அமைதி. தூரத்தில் மைன்ஸ் பெல்ட் ஓடுகிற இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பழனிவேல் அந்தத் திசையைப் பார்க்காமல் நடந்தார். மோராம். வெண்ணெயாம். பொம்பளைகள் ரெண்டு பேரும் ஒரு கட்சி. ஆட்டினால்தான் கட்டும் என்றால், அத்தனை மழைக்காலமும் தோள் கழன்று விழ அவர் அந்த இரும்பு வாயில் நின்று குத்தியது பின்னே எதற்காம்? சும்மா நின்று பீடி பிடித்திருக்கலாமே. அங்கே பெல்ட் ஓடியதே, அது யார் ஓட்டியது?

குப்பிதான் சரியில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு டீக்கடையைப் பார்த்து நடந்தார்.